எஞ்சின் வேலைக்குப் பின் பழைய வேனில் ஐட்லிங் கோளாறு: காரணம் காணும் முறை



ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்கு இன்னமும் கைகொடுப்பவை பழைய வேன்கள்தான். 1984இல் மாருதி வேன் என்று வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறிய வண்டியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. இருப்பதை வேலை பார்த்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

எஞ்சின் வேலை முடிந்து வரும் வண்டி, சாலையில் நன்றாக ஓடும். ஆனால் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அல்லது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இரையும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி அணைந்து நின்றால் சரக்கு தாமதமாவது மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

நேற்றுவரை சரியாக இருந்த கணக்கு இன்று இடித்தால், நாம் பத்து வருடப் பேரேட்டையா புரட்டுகிறோம்? இன்று எழுதிய பற்று வரவைத்தானே பார்க்கிறோம்! வண்டிக்கும் அதுவே முறை. எதைக் கழற்றி மாட்டினார்களோ, அங்கிருந்து தேட வேண்டும். ஆகவே கழற்றிய பாகங்கள் எவையெவை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

முதலில் கோளாறு எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்னா? வேகம் கூடுகிறதா, குறைகிறதா, ஏறி இறங்குகிறதா? ஹெட்லைட் போட்டால் மாறுகிறதா? இந்தக் குறிப்பு மெக்கானிக்கின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாதவை முதலில் வருகின்றன.

1. காற்றுக் கசிவு: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் சரியாக உட்காராவிட்டாலும், ரப்பர் ஹோஸ் ஒன்று விட்டுப்போனாலும், வெடித்திருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கார்புரேட்டர் வண்டி தடுமாறி அணையும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெரும்பாலும் ஐட்லிங் ஏறும், அல்லது ஏறி இறங்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தால், எதைப் பிடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே சந்தேகப்படலாம். கசிவு தேடுகிறோம் என்று சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெளிக்க விடாதீர்கள், தீப்பிடிக்கும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் ஹோஸ் கசிந்தால் பிரேக்கும் கல்லாக இறுகும். அப்படி இருந்தால் சரக்கு ஏற்றாதீர்கள்.

2. ஆக்ஸிலேட்டர் கேபிள்: இழுத்துக் கட்டியிருந்தால் திராட்டில் முழுவதும் மூடாது. சிறிது தளர்வு இருக்க வேண்டும்.

3. ஒயர்களும் கனெக்டர்களும்: ஆம்னியில் மூன்று சிலிண்டர்தான். ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய் வண்டி உதறும். பிளக் ஒயர், இன்ஜெக்டர் கனெக்டர், எர்த் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக் காற்றில் எர்த் ஒயர் முனைகள் பச்சை பூத்துவிடும். சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகும்.

4. கூலன்ட்: ஹெட் இறக்கி ஏற்றிய வண்டியில் காற்று அடைத்திருந்தால், வெப்ப சென்சார் தவறான தகவல் தரும். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்து, கம்ப்யூட்டர் ஐட்லிங்கை உயர்த்தியே வைக்கும். எஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும்.

5. வால்வும் டைமிங்கும்: வால்வு இடைவெளி குறைவாக வைத்திருந்தால், சூடான பின் வால்வு முழுவதும் மூடாமல் ஐட்லிங் தடுமாறும். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் இழுவை குறைந்து ஐட்லிங் கெடும். கம்ப்ரஷன் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

6. ஐட்லிங் வால்வும் சென்சாரும்: மேற்கண்டவை எல்லாம் சரியென்று கண்ட பிறகே இவற்றுக்கு வர வேண்டும். பேட்டரி கழற்றிய வண்டியில் கம்ப்யூட்டர் மறுபடி நிதானப்பட சில முறை ஓட்ட வேண்டியிருக்கும். "சென்சார் போச்சு" என்று சொன்னவுடன் புதுப்பேட்டைக்கு ஓடி, பழைய சென்சார் வாங்கி மாட்டுவது காசுக்குக் கேடு.

டாடா ஏஸ் போன்ற டீசல் வண்டிகளில் ஃபில்டர் அல்லது பம்ப் கழற்றிய பின் டீசல் லைனில் காற்று நின்றுவிட்டதா என்பதே முதல் கேள்வி. 2005இல் வந்த முதல் ஏஸில் இரண்டே சிலிண்டர். சிறு நடுக்கம் அதன் பிறவிக்குணம். வேலைக்கு முன் இருந்ததைவிட அதிகமா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காரணம் தேடாமல், ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றி, "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கிழிந்த மூட்டையைத் திருப்பி அடுக்குவது போன்றது. பெட்ரோல் வீணாகும், நெரிசலில் வண்டி தானாக முன்னே தள்ளும், பிரேக்கும் கிளட்சும் தேயும். பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை ஐட்லிங்கிலேயே நடப்பதால், அங்கேயும் குறை வெளிப்படலாம்.

எனவே வண்டியை எடுக்கும்போது எஞ்சின் சூடாகும்வரை ஓட்டி, பத்து நிமிடம் ஐட்லிங்கில் நிறுத்தி, ஹெட்லைட் போட்டுப் பார்த்த பிறகே பாக்கித் தொகையைக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு வருத்தப்பட மாட்டார். எடை போட்டுச் சரக்கு எடுக்கும் நமக்கு இது புதுப் பழக்கமும் அல்ல.