குடியை நிறுத்திய பிறகு தனியாக விடாதீர்கள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் மன உறுதியாலேயே சமாளித்துவிடுவார் என்று விட்டுவிடாமல், குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்த முறை இது. 27 ஆய்வுகளை அலசிய 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வின்படி, இக்கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் சுமார் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் குடியைத் தொடவில்லை. மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். இவ்வளவுதானா என்று கேட்கலாம். கட்டணமே இல்லாத உதவிக்கு, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு ஆசை கிளம்பும்போது கூப்பிட ஓர் ஆளைத் தரும் உதவிக்கு, இது குறைவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் அங்கே முழுப் பெயர் கேட்பதில்லை, முதல் நாளே பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. இக்கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது. ஓர் எல்லை மட்டும் உண்டு. நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சக உறுப்பினர் எத்தனை வருடம் குடிக்காதவராக இருந்தாலும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.