விளையாட்டும் நாடகமும்

ஓவியன் தனித்திருந்து தீட்டலாம். கவிஞன் தனித்திருந்து பாடலாம். நாடகமோ பலர் கூடி இயற்றும் கலை. ஆயினும், பள்ளி விழாக்களில் நாம் காண்பது யாது? மாணவர் தத்தம் பகுதியை மனப்பாடம் செய்து வருகின்றனர். அதனை ஒப்பித்தபின் மரம்போல் நிற்கின்றனர். அவர்தம் நாவிற்குப் பயிற்சி உண்டு. கண்ணுக்கும் செவிக்கும் பயிற்சி இல்லை.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வள்ளி கும்மி பழகுவோரைப் பாருங்கள். வள்ளி திருமணக் கதையை ஆசிரியர் பாடுவார். சூழ நிற்போர் பாட்டிற்கேற்ப அடிவைத்துக் கைகொட்டி ஆடுவர். ஒருவர் அடி பிந்தினும் ஆட்டம் குலையும். ஆதலின், பிறர் அடியை நோக்கித் தம் அடியை வைக்க ஒவ்வொருவரும் கற்கின்றனர். மேட்டுப்பாளையத்தை அடுத்த தாசம்பாளையத்துக் கலைஞர் பத்ரப்பன், ஆடவரே ஆடிவந்த இக்கலையை மகளிர்க்கும் கற்பித்தார். 2024-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

நாடக மேடையிலோ பயிற்சி வேறு வகையில் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாலர் குழுக்களில், ஆசிரியர் சொல்லிக் கொடுத்த பாட்டையும் உரையாடலையும் சிறுவர் நெட்டுருச் செய்தனர். அம்முறை சிறந்த நடிகர் பலரை நமக்கு அளித்தது. சுவாமிகளிடம் பயின்ற தி. க. சண்முகம் போன்றோரின் முயற்சியால், 1944-ஆம் ஆண்டில் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடும் கூடிற்று.

பின்னர் மற்றொரு முறை தோன்றியது. அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையார், குடியேறிய குடும்பங்களின் சிறுவர்க்கு விளையாட்டின் வாயிலாக நடிப்பைக் கற்பித்தார்; தம் பயிற்சிகளை 1963-இல் நூலாக வெளியிட்டார். தமிழகத்தில் 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, இளைஞர் பலர்க்குப் புதிய பயிற்சிகளை அறிமுகம் செய்தது. அதனை முன்னின்று நடத்திய பேராசிரியர் சே. இராமானுஜம், சிறுவர் நாடகத்திலும் அரும்பணி ஆற்றியவர்.

இப்பயிற்சிகளுள் மூன்றினைக் காண்போம். முதலாவது கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் மெல்லக் கையை உயர்த்த, மற்றவர் நிழல்போல் அதனையே செய்வர். விரைந்து செய்து எதிரிலிருப்பவரை ஏமாற்றுவது வெற்றியன்று. அவரும் உடன்வருமாறு செய்வதே வெற்றி. இரண்டாவது, இல்லாத பந்தை எறிதல். எறிபவர் பந்தின் கனத்தைத் தம் உடலால் காட்டவேண்டும். பிடிப்பவர் அதே கனத்தோடு ஏற்கவேண்டும். மூன்றாவது, கதை தொடுத்தல். வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு தொடர் சொல்லவேண்டும். முன்னவர் சொன்னதை மறுத்தால் கதை அறுந்துபோகும். ஏற்றுக்கொண்டு மேலும் ஒன்று சேர்த்தால் வளரும்.

பயிற்சியை நடத்துவோர்க்குப் பொறுப்பு மிகுதி. வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் ஓரத்தில் நிற்பான். அவனைத் தனியே நடுவில் நிறுத்தி, ‘நடித்துக் காட்டு’ என்றால் அவன் மேலும் ஒடுங்குவான். பிறர் நகைத்துவிட்டால் அவன் மறுநாள் வரமாட்டான். அவனைக் கண்ணாடிப் பயிற்சியில் ஒருவனோடு சேர்த்துவிட்டால், பேச வேண்டிய அச்சமின்றிக் கையசைப்பான். எல்லாரும் ஒருங்கே செய்வதால் அவனை உற்றுப் பார்ப்பாரும் இரார். தொடக்கத்தில் எளிய ஆட்டம், பின்னர் இருவர் பயிற்சி, அதன்பின் சிறு காட்சி என்பதே முறை. முடிவில் அனைவரும் அமர்ந்து, எது அரிதாக இருந்தது, எது எளிதாக இருந்தது எனப் பேசவேண்டும். யாவர் சிறந்தவர் என்று தரம் பிரித்தல் ஆகாது.

மாணவர்களே! உங்கள் பள்ளி விழாவிற்கு நாடகம் பழகும்போது, முதல் நாளே உரையாடலைக் கையில் எடுக்காதீர்கள். வட்டமாக நின்று சிறிது நேரம் ஆடுங்கள். எதிரில் நிற்பவனைப் பார்க்கவும் அவன் சொல்வதைக் கேட்கவும் பழகுங்கள். அதன்பின் நீங்கள் பேசும் சொற்களில் உயிர் இருக்கும். ஓரத்தில் நின்ற அம்மாணவனும் உங்களுள் ஒருவனாக மேடை ஏறுவான்.