தியேட்டருக்குப் போவதற்கு முன்

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். இவ்வளவு வழக்கமாகிவிட்ட ஆபரேஷனுக்கு முன் கர்ப்பிணியின் காதில் விழுவது பெரும்பாலும் "பயப்படாதேம்மா, ஒண்ணும் ஆகாது" என்பது மட்டும்தான். அதைக் கேட்டபின் அவர் பயத்தை வெளியே சொல்வதையே நிறுத்திவிடுகிறார். தேதி குறித்தாகிவிட்டது என்றால், முந்தைய வாரத்திலிருந்தே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் எதற்குப் பயம் என்று பிரித்துத் தாளில் எழுதுங்கள். "ஆபரேஷன்னாலே பயம்" என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "அறுக்கும்போது வலி தெரிஞ்சுட்டா?", "மூத்தவனை யார் பார்த்துக்குவாங்க?" என்று எழுதினால், முதல் கேள்வி மயக்க மருந்து டாக்டருக்கு, அடுத்தது வீட்டுக்காரருக்கு என்று தானாகவே பிரிந்துவிடும்.

அந்த மயக்க மருந்து டாக்டரைப் பல பெண்கள் தியேட்டரில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள், அதுவும் முகக்கவசத்தோடு. முன்பே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முழு மயக்கமா, முதுகில் ஊசியா, நடுவில் வலி தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்கலாம். ஆஸ்துமா, ஒவ்வாமை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொந்தரவு, சாப்பிடும் மாத்திரைகள் எதையும் மறைக்க வேண்டாம். "அந்த ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். ஆனால் காலத்துக்கும் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

அடுத்து, தியேட்டருக்குள் நடப்பதை மனதுக்குள் ஒருமுறை நடத்திப் பாருங்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே குளிரும். கையில் டிரிப்ஸ், விரலில் கிளிப், மேல்கையில் பிபி பட்டை. முதுகில் ஊசி என்றால், உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ முதுகை வில்லாக வளைக்கச் சொல்வார்கள். மருந்து தடவும்போது சில்லென்று இருக்கும். சுருக்கென ஒரு குத்து, பிறகு ஓர் அழுத்தம். சில நிமிடங்களில் கால்கள் சூடாகி, கனத்து, மரத்துப்போகும். நன்றாக மரத்துவிட்டதா என்று சோதித்த பிறகே கத்தி வைப்பார்கள். நெஞ்சுக்கு நேரே திரை இருப்பதால் எதுவும் கண்ணில் படாது. கூர்மையான வலி இருக்கக் கூடாது, இருந்தால் உடனே சொல்லுங்கள். ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும். குழந்தையை எடுக்கும்போது மேல்வயிற்றைப் பலமாக அமுக்குவார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் "மருந்து வேலை செய்யலையோ" என்று பலர் பதறுகிறார்கள். உடம்பு நடுங்கினால் அது பலருக்கும் வருவதுதான். குமட்டினாலோ தலை சுற்றினாலோ வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பிபி இறங்கியிருக்கும், அதற்கு மருந்து கையிலேயே இருக்கும். குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும். தையல் போடத்தான் நேரமாகும். எல்லாம் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

ஊசி போடும் அந்த நிமிடத்துக்கு மூச்சுப் பயிற்சி உதவும். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடுங்கள். தினமும் படுக்கும் முன் பழகினால் அங்கே தானாக வரும்.

தாலியைக் கழற்றச் சொல்வார்களே என்பது பலர் வெளியே சொல்லாத கலக்கம். உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று முன்தினமே நர்ஸிடம் கேட்டு, தாலியை அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டால் கடைசி நேர அழுகை மிச்சம். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பாடு கூடாது, எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் நாக்கு வறண்டு கிடந்தால் படபடப்பு கூடத்தான் செய்யும்.

நல்ல நேரம் பார்ப்பது மனதுக்குத் தெம்பு என்றால் பாருங்கள், டாக்டர் சொல்லும் தேதிகளுக்குள். மருத்துவக் காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுச் சிரமம் வரும் வாய்ப்பு கூடும்.

துணைக்கு இருப்பவருக்கு ஒரு வேலை: பார்க்க வருகிறவர்களை வடிகட்டுவது. தன் தையல் பிரிந்த கதையைச் சொல்லவே சிலர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். அவர்களை வராந்தாவிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள். "நார்மலுக்கு முயற்சி பண்ணியிருக்கலாமே" என்பவர்களையும்தான்.

பல நாளாகத் தூக்கமே இல்லை, திடீர் திடீரென மூச்சு முட்டுகிறது, முந்தைய பிரசவம் கனவிலும் துரத்துகிறது என்றால் இவை போதாது. டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

வலி எடுத்தபின் அவசரமாகச் சிசேரியன் என்று முடிவானால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அப்போது தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒன்றை மட்டும் கேளுங்கள்: "என்ன செய்யப்போறீங்கன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே செய்ங்க."