பானெட் மேல் பூனை

எங்கள் தெருப் பூனைகள் இரண்டு, ராத்திரியானால் என் கார் பானெட்டில்தான் படுக்கின்றன. வண்டி முழுக்கக் கால் தடம். பெயின்ட் போய்விடுமா? எப்படி விரட்டுவது?
– வாசகர், மடிப்பாக்கம், சென்னை

பெயின்ட்டுக்குப் பயப்படாதீர்கள். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வழுக்கினாலோ மிரண்டு தாவினாலோதான் கீறல் விழும். ஆகவே குச்சியோடு துரத்தாதீர்கள். பூனையைவிட அதிகம் கீறுவது, காலையில் தூசியோடு சேர்த்து உலர்ந்த துணியால் தேய்க்கிற நம் கைதான். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிறகு துடையுங்கள்.

அவை தேடி வருவது இன்ஜின் சூட்டை. நமக்குப் புழுங்குகிற 30 டிகிரிக்கு மேல்தான் பூனைக்கு இதமே. இன்ஜின் ஆறியதும் கவர் போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய சாக்கை விரித்து வைத்தால், பாதி நாள் அங்கே குடிபோய்விடும். (மீதி நாள் கவர் மேல் தூங்கும். தூங்கட்டுமே!) பினாயில், அந்துருண்டை மட்டும் வேண்டாம், இரண்டும் பூனைக்கு விஷம்.

மேலே படுப்பதைவிட உள்ளே படுப்பதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் குட்டிகள் டயர் இடுக்கு வழியாக இன்ஜின் பக்கம் ஏறிவிடும். ஸ்டார்ட் செய்யுமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, ஒரு ஹாரன் அடித்து, கொஞ்சம் பொறுத்து வண்டியை எடுங்கள்.