சமய உரிமையும் அரசின் கோலும்



"அரசாங்கம் மதத்தில் தலையிடலாமா?" என்னும் வினா நம் ஞாயிறு வகுப்புகளில் அடிக்கடி எழுகின்றது. "கூடாது" என்று ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. ஆயினும், பெரும்பான்மையோர் செல்லும் வழியினின்று விலகி நடக்கும் சிறு கூட்டங்களின் வரலாற்றை ஆராயுங்கால், அவ்விடை பாதி உண்மையே என்பது புலனாகும். மறு பாதியை இப்பாடத்தில் காண்போம்.

யாம் பஞ்சாலையில் உழைத்த நாட்களில், தொழிற்சாலை ஆய்வாளர் வந்து இயந்திரங்களின் பல்சக்கரங்களுக்குக் காப்பு மூடி உண்டா என்று பார்ப்பார். சுவரில் மாட்டியிருப்பது எவருடைய படம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தொழிலாளியின் கை அறுபடாமல் காப்பது அவர் கடமை. அவன் நெஞ்சில் வணங்குவது யாரை என்பது அவருக்கு வேண்டாத செய்தி. அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள எல்லையை யாம் இந்த உவமையைக் கொண்டே அளந்து வருகிறோம்.

சட்டம் கூறுவது

நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, மனச்சான்றின் உரிமையையும், சமயத்தைத் தழுவி ஒழுகிப் பரப்பும் உரிமையையும் அனைவர்க்கும் அளிக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், ஏனைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே இவ்வுரிமை செல்லும். 26ஆம் பிரிவு, ஒவ்வொரு சமயப் பிரிவும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ள இடந்தருகிறது. ஆகவே உரிமை, வரம்பு ஆகிய இரண்டும் சட்டத்திலேயே உள்ளன. வரம்பு எங்கே தொடங்குகிறது என்பதே வினா.

முதற் பாடம்: அரசு விலகி நிற்க வேண்டிய இடம்

1985இல் கேரளத்துப் பள்ளி ஒன்றில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து மரியாதையுடன் நின்றனர், ஆனால் பாடவில்லை. கடவுளையன்றிப் பிறிதொன்றைப் பாடுதல் தம் சமயத்துக்கு ஆகாது என்பது அவர்கள் கொள்கை. இச்செய்தி சட்டசபை வரை சென்றது. விசாரணையில் அவர்கள் கீதத்தை அவமதிக்கவில்லை என்று தெரிந்தும், பள்ளியினின்று நீக்கப்பட்டனர். உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்சநீதிமன்றம், பாடியே தீர வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை என்றும், எழுந்து நிற்பதே போதிய மரியாதை என்றும் தீர்ப்பளித்து, பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது.

அம்மூவரின் மௌனத்தால் எவர்க்கும் எத்தீங்கும் விளையவில்லை. தீங்கு இல்லாத இடத்தில் கோலை ஓங்குதல் அரசுக்கு அழகன்று.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. வலிந்தும் வஞ்சித்தும் ஆசைகாட்டியும் மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லும் என்று 1977இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. வற்புறுத்தல் தீங்கே, அதைத் தடுப்பதில் நமக்கு முரண்பாடில்லை. ஆயின் 2024இல் குஜராத் அரசு, இந்து சமயத்தினின்று பௌத்தம் தழுவுவோரும் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியைப் பெறவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தது. தானே சிந்தித்துத் தெளிந்த ஒருவன், தன் தெளிவுக்கு ஏன் அனுமதி கேட்க வேண்டும்? ஆய்வாளர் இயந்திரத்தை விட்டுச் சுவரிலுள்ள படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பதே இதன் பொருள்.

இரண்டாம் பாடம்: அரசு வரவேண்டிய இடம்

1949இல் பம்பாய் அரசாங்கம், சமூகத்தினின்று ஒருவரை விலக்கி வைக்கும் வழக்கத்தைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவர் அதனை எதிர்த்து வழக்காடினார். 1962இல் உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், சமயக் காரணத்துக்காக விலக்கி வைப்பது சமயத்தின் உள் விவகாரமே என்று கூறி அச்சட்டத்தைத் தள்ளினர். தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவர்க்குத் தொழுமிடமும் அடக்கத்துக்கான இடமும் மறுக்கப்படுகின்றன. அவர் தம் சமூகத்திலேயே தீண்டத்தகாதவர் ஆகிறார். ஆகவே அச்சட்டம் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவின் வழிப்பட்டதே என்பது அவர் கருத்து. 2016இல் மகாராஷ்டிர சட்டமன்றம் சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கச் சட்டம் நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபடி ஆராயுமாறு 2023இல் உச்சநீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது.

தீண்டாமை என்ற சொல்லின் எடையை நம்மினும் அறிந்தவர் யார்?

மூன்றாம் பாடம்: அசோகர்

அசோகச் சக்கரவர்த்தி தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தை உயர்த்திப் பிற சமயத்தை இகழாதீர் என்று எல்லாக் கூட்டத்தாரையும் கேட்டுக்கொண்டார். அவரே சாரநாத், சாஞ்சி முதலிய இடங்களின் தூண்களில், சங்கத்தைப் பிளக்கும் பிக்குவையும் பிக்குணியையும் வெள்ளை உடை உடுத்தி வெளியே வாழச் செய்க என்றும் ஆணையிட்டார். அறவழி நின்ற பேரரசர்க்கும், பௌத்த சங்கத்தின் உள்ளே கோலுடன் நுழையும் எண்ணம் வந்தது! முதல் ஆணையை நாம் போற்றுகிறோம். இரண்டாவதனைப் படிக்கும்போது எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். நம்மவர் கையிலுள்ள கோலாயினும் கோல் கோலே.

நம்மை நாமே ஆராய்தல்

ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், நம்மவர் ஒருவர் தம் தாயாரின் மனம் நோகாதிருக்க அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவர் இல்லத்து நன்மை தீமைகளுக்கு எவரும் செல்லலாகாதென்று எம் சங்கம் தீர்மானித்தது. யாமும் கை உயர்த்தினோம். அத்தாயார் மறைந்தபோது பாடை தூக்க நால்வர் கிடைக்காமல், அவர் அயல் தெருவாரை அழைத்துவந்தார். சேரிக்குள் பிறர் நமக்குச் செய்ததை, விகாரையின் பெயரால் நாம் அவருக்குச் செய்துவிட்டோம். பின்னர் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தண்ணீர் கொடுத்து அமரச் சொன்னார், வேறொன்றும் பேசவில்லை.

கொள்கைக்கு மாறாக நடந்தவருக்கு எடுத்துரைக்கலாம். பொறுப்பான பதவியினின்று நீக்கலாம். சோற்றையும் சுடுகாட்டையும் மறுத்தல் தம்மம் ஆகாது. சிறு கூட்டம் தன்னுள் எளியவர்க்கு நீதி வழங்குமாயின், அரசு அதன் வாயிலில் வந்து நிற்கக் காரணமே இராது.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. ஒருவரின் நம்பிக்கைக்கும் அவர் செயலால் பிறர்க்கு விளையும் தீங்குக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நம் சங்கத்தினின்று விலக விரும்புவோர், உறவையும் மானத்தையும் இழக்காமல் விலக இயலுமா?

3. அரசிடம் நாம் கேட்கும் உரிமையை, நம் இல்லத்துப் பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் நாம் அளிக்கிறோமா?

மூன்றாம் வினாவுக்கு வீட்டிற்குச் சென்று, அவர்களையே கேட்டு விடை எழுதி வருக.

எல்லா உயிர்களும் இன்புறுக!