வல்லவரும் தோற்பது ஏன்?

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. பருவத்தின் முடிவில், 68 அணிகள் தேசியத் தொடரில் மோதுகின்றன. ஒருமுறை தோற்ற அணி வெளியேற வேண்டும்.

புகழ்பெற்ற கூட்டமைப்புகளுள் ஒன்று 'பிக் டென்'. 2021ஆம் ஆண்டில் அதன் 14 அணிகளுள் 9 அணிகள் தேசியத் தொடருக்குத் தேர்வாயின. ஆயினும், கடைசிப் பதினாறு அணிகளுள் இடம்பெற்றது மிச்சிகன் மட்டுமே. தன் பிரிவில் இரண்டாம் தரநிலை பெற்ற ஒகையோ ஸ்டேட், பதினைந்தாம் தரநிலையில் இருந்த ஓரல் ராபர்ட்ஸ் அணியிடம் முதற்சுற்றிலேயே தோற்றது.

காரணம் யாது? ஓர் அணி பத்து ஆட்டங்களுள் ஏழில் வெல்லும் திறனுடையது எனக் கொள்வோம். கோப்பையைப் பெற அது தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஆறு 0.7களைப் பெருக்கினால் ஏறத்தாழ 0.12 வரும். அஃதாவது, நூறு வாய்ப்புகளுள் பன்னிரண்டே!

பருவத்தில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் உண்டு; இன்றைய தோல்வியை நாளை ஈடுசெய்யலாம். தேசியத் தொடரில் அதற்கு இடமில்லை. மேலும், பழகிய அணிகளோடே மோதியவர்கள் பழகாத ஆட்டமுறையைக் கண்டு தடுமாறுவதும் உண்டு.

2002 முதல் 2018 வரை பிக் டென் அணிகள் ஏழுமுறை இறுதியாட்டத்தில் தோற்றன. ஏழுமுறை இறுதிவரை வந்தோரை வலிமையற்றோர் எனலாமா?

சொற்பொருள்: ஈடுசெய்தல் – இழந்ததை நிறைவு செய்தல், அஃதாவது – அதாவது.

சிந்தித்து எழுதுக:
1. பருவ ஆட்டங்களுக்கும் தேசியத் தொடருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரே ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஓர் அணியின் திறனை மதிப்பிடலாமா? காரணம் கூறுக.