வீட்டுப் பொடிக்கு ஏன் பேரம்?

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். ருசியைப் பாராட்டுபவர்கள்கூட, 'வீட்டுல செய்யறதுதானே' என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வீட்டில் செய்வதை மறைக்காதீர்கள் சகோதரி, அதற்காகத்தானே வாங்குகிறார்கள்! குறை பொட்டலத்தில் இருக்கலாம். பெயரில்லாத பிளாஸ்டிக் கவரைக் கண்டால் யாருக்கும் பேரம் பேசத்தான் தோன்றும்.

முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு எடுங்கள். வீட்டுத் தயாரிப்புக்கும் அது கட்டாயம். சிறு தொழிலுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிடுங்கள். கூடவே சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. விலை அச்சில் இருந்தாலே பாதிப் பேரம் அடங்கிவிடும்.

தொழிலுக்கென்று தனி எண் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டு வையுங்கள். அந்தச் செயலி இலவசம். வீட்டு எண்ணையே கொடுத்தால், ஆர்டர் சொல்ல அழைப்பவரிடம் 'அம்மா குளிக்கிறாங்க' என்று பிள்ளைகள் பதில் சொல்வார்கள்!

லோகோ வரைய ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.